சோபாவா, சீலிங்கா? 340,000 ரூபாவில் ஒரு வீட்டை ஆறுதலாக்குவது

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறம். 2014இல இந்திய வீட்டுத்திட்டத்தில கட்டின ஓட்டு வீடு. ஹோல் மட்டும் பூசினது. ரெண்டு அறையும் பூசாமல் கல்லாத்தான் நிக்குது, ஒரு இடத்திலயும் பெயின்ற் இல்லை. இவர் மேசன் வேலை, மாரி காலத்தில வேலை குறைவு. ஒன்றரை ஏக்கர் வயல். மாமி எங்களோட, மகள் உயர்தரம் படிக்கிறா. காலபோக நெல்லும் சீட்டும் சேர்த்து 340,000 ரூபா கையில இருக்கு. வேலை முடிஞ்சு வந்தாலும் வீட்டுக்குள்ள இருக்க மனம் வருகுதில்லை. 180,000 ரூபா சோபா செற்றை 30,000 கட்டி எடுத்தால் மிச்சம் மாதம் 8,500 வீதம் 24 மாதம் கட்டலாம் எண்டு கடையில சொல்லுகினம். அண்ணர், சங்கிலியை அடகு வைச்சுச் சீலிங் அடிக்கச் சொல்லுறார். என்ன செய்யலாம்?

பதில்: "வீட்டுக்குள்ள இருக்க மனம் வருகுதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். காசை எதில் போடுவது என்பதை அந்த ஒரு வரியை வைத்தே முடிவு செய்வோம். பூசாத கல்லும், மேலே தனியாக எரியும் ஒரு குழல் விளக்கும், மேற்கு வெயில் நேரே விழும் யன்னலும் இருக்கும் அறையில் எந்தச் சோபாவைப் போட்டாலும் மனம் ஆறாது.

முதலில் சோபாக் கணக்கு. 8,500 வீதம் 24 மாதம் என்றால் 204,000. முற்பணத்தோடு 234,000. அதாவது 54,000 ரூபா கூடுதல். கடையில் இதை வருடத்துக்கு 18 சதவீதம் என்பார்கள். 150,000 ரூபாக் கடனுக்கு வருடம் 27,000 என்பது அவர்கள் கணக்கு. ஆனால் நீங்கள் மாதா மாதம் முதலையும் திருப்பிக் கட்டுகிறீர்கள். கடன் குறைந்துகொண்டு வர, வட்டி மட்டும் முழு 150,000க்கும் ஓடுகிறது. குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அது வருடத்துக்கு 31 சதவீதத்தைத் தாண்டும். கார்த்திகையிலும் மார்கழியிலும் வேலை இல்லாவிட்டாலும் 8,500 கட்டித்தான் ஆக வேண்டும். அந்த இரண்டு தவணையைக் கட்டத்தான் பல வீடுகளில் இரண்டாவது கடன் எடுக்கிறார்கள். வறட்சி மாவட்டப் பெண்களின் 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை 2018இல் அரசு தள்ளுபடி செய்யும் அளவுக்கு இந்தச் சுழல் போனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சோபா உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமென்றால், வேலை உள்ள மாதங்களில் அதே 8,500ஐ உங்கள் வங்கிச் சேமிப்புப் புத்தகத்தில் போடுங்கள். 18 மாதத்தில் 153,000 சேரும். அந்த 30,000ஐயும் சேர்த்தால் முழுக் காசாக 183,000. கைக்காசோடு போகிறவர் விலை பேசவும் முடியும்.

சங்கிலியை அடகு வைக்க வேண்டாம். அடகுக்குத் தவணை உண்டு, பெரும்பாலும் 12 மாதம். வட்டியும் முதலும் கட்ட முடியாமல் போனால் ஏலத்துக்குப் போகும். சீலிங் சம்பாதித்துத் தராது, அந்தக் கடனை வயல்தான் கட்ட வேண்டும். போதாக்குறைக்கு, ஓட்டு வீட்டில் சூடான காற்று ஓட்டு இடுக்கால் மேலே போய்விடும். கூரை முக்கோணச் சுவரில் காற்றுத் துளை விடாமல் பலகை அடித்தால் மேலே சூடும் எலியும் தங்கும். ஒழுக்கும் கண்ணுக்குத் தெரியாமல் சிலாகையை உக்க வைக்கும்.

இனி 340,000ஐப் பிரிப்போம். கடந்த முறை உழவு, விதை, பசளை, மருந்துக்கு எவ்வளவு போனது என்று கொப்பியில் பாருங்கள். ஒன்றரை ஏக்கருக்கு 110,000 என்று வைத்துக்கொள்கிறேன். அதைச் சித்திரையில் 6 மாத நிலையான வைப்பில் போட்டால் ஐப்பசி விதைப்புக்குக் கைக்கு வரும், இடையில் எடுக்க மனமும் வராது. 90,000 ரூபா சாதாரணச் சேமிப்பில், வேலை இல்லாத மாரி மாதங்களுக்கும் அவசரத்துக்கும். 2018 மார்கழியில் இரணைமடுக் குளம் வான்பாய்ந்து ஊர்கள் வெள்ளத்தில் நின்றபோது கையில் காசிருந்த வீடுதான் கடனில்லாமல் எழும்பியது. மிஞ்சுவது 140,000. வீட்டுக்கு இதற்கு மேல் ஒரு சதமும் வேண்டாம்.

இதில் பெரிய பங்கு சுவருக்கு. உங்கள் வீட்டிலேயே மேசன் இருப்பதால் பொருட்செலவு மட்டும்தான். 10 அடிக்கு 10 அடி அறை, 10 அடி உயரம் என்றால், கதவு யன்னல் கழித்து ஏறத்தாழ 360 சதுர அடி. ஒன்றுக்கு ஐந்து கலவையில் அரை அங்குலப் பூச்சுக்கு 100 சதுர அடிக்கு ஒரு மூடை சீமெந்து கணக்கு வைத்தால், சேதாரம் உட்பட இரண்டு அறைக்கு 8 மூடையும் அரைக் கியூப் மணலும் போதும். 32,000க்குள் முடிக்கப் பாருங்கள். கடற்கரை மணல் மலிவென்று யாராவது ஏற்றிவந்தால் வாங்காதீர்கள், ஆறு மாதத்தில் சுவரில் உப்புப் பூக்கும். சவர்க் கிணற்றுத் தண்ணீரில் குழைத்தாலும் இதே கதிதான். பூசிய பிறகு ஏழு நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். மேசன் வீட்டில்தான் இதை அதிகம் மறக்கிறார்கள், பகல் முழுவதும் அவர் வேறு வீட்டுச் சுவருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பதால்.

பெயின்றுக்கு 50,000. ஆனால் அடிக்க 28 நாள் பொறுங்கள். ஈரச் சுவரில் அடித்தால் கொப்புளித்து உரியும், அந்த 50,000மும் மண்ணாகும். சந்தேகம் என்றால் இரண்டடிச் சதுரப் பொலித்தீனை இரவில் நான்கு பக்கமும் ரேப் ஒட்டி விடுங்கள். காலையில் உட்பக்கம் நீர்த்துளி இருந்தால் இன்னும் காயவில்லை. ஹோலோடு சேர்த்து ஏறத்தாழ 1,160 சதுர அடி. ஒரு லீற்றர் ஒரு தடவைக்கு 100 சதுர அடி என்று பார்த்தால் இரண்டு தடவைக்கு 20 லீற்றர் வாளி ஒன்றும் 4 லீற்றர் ரின் ஒன்றும். முதலில் அடிக்கும் பில்லர் (அடிப்பூச்சு) 12 லீற்றர். பில்லர் அடிக்காமல் விட்டால் புதுப்பூச்சு பெயின்றைக் குடித்துவிடும். அறைக்கு ஒரு நிறம் என்று பிரிக்காதீர்கள், ஒவ்வொன்றிலும் அரை ரின் மிஞ்சிக் காசு முடங்கும். வெண்சந்தனம் மாதிரி ஒரே வெளிர் நிறம் எல்லா இடத்துக்கும். வாளியையும் ரின்னையும் ஒன்றாகக் கலந்து அடித்தால் நிறம் திட்டுத் திட்டாக வராது. சோளகக் காற்று எழும்பிப் புழுதி பறக்கத் தொடங்குமுன், அதாவது சித்திரைக்குள், முடிப்பது நல்லது. ஈரப் பெயின்றில் ஒட்டிய செம்மண் கழுவினாலும் போகாது. பங்குனி முதல் வாரமே பூச்சைத் தொடங்கினால்தான் 28 நாள் கணக்கு இதற்குள் சரிவரும்.

வெளிச்சமும் திரைச்சீலையும் 18,000. நடுவில் எரியும் குழல் விளக்குக்குப் பதிலாக ஹோலில் 9 வாற்று எல்.ஈ.டி. இரண்டு, பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருக்கும் மஞ்சள் ஒளி. ஒன்றாவது இருக்கும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் பொருத்தி, நேரே கண்ணில் படாமல் மூடி போடுங்கள். பனையோலைக் குட்டான் ஒன்றைக் கவிழ்த்தாலே அழகான மூடிதான். பல்பைத் தொடாமல் நான்கு அங்குலமாவது இடைவெளி இருக்கட்டும். மகளின் மேசைக்கு மட்டும் 4000 கெல்வின் வெள்ளை ஒளி. அவர் வலக்கையால் எழுதுபவர் என்றால் வெளிச்சம் இடப்பக்கத்தில் இருந்து வர வேண்டும்.

திரைச்சீலைக்கு எல்லோரும் யன்னல் அகலத்துக்கே துணி வாங்கி, இழுத்தால் மெலிந்து தொங்குகிறது என்று கவலைப்படுவார்கள். கம்பியின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு துணி வேண்டும். 4 அடி யன்னலுக்கு 5 அடிக் கம்பி, யன்னலுக்கு 6 அங்குலம் மேலே. 45 அங்குல அகலத் துணி என்றால் மூன்று துண்டு, ஒவ்வொன்றும் மடிப்புச் சேர்த்து 68 அங்குலம், மொத்தம் 6 யார் போதும். மேற்கு யன்னலுக்குத் தடித்த கைத்தறிப் பருத்தி வாங்குங்கள். வெளியே அந்தப் பக்கம் ஒரு கிடுகுத் தட்டி சாய்த்தால் உள்ளே இன்னும் ஆறும்.

இருக்க ஒரு இடம் கட்டாயம் வேண்டும். ஊர்த் தச்சரிடம் 5 அடி வாங்கு (நீள இருக்கை) ஒன்று சொல்லுங்கள், வேப்ப மரத்தில். 18 அங்குல உயரம் என்றால் மாமி முழங்காலில் கை ஊன்றாமல் எழும்பலாம். மேலே 4 அங்குல மெத்தை, கழற்றித் தோய்க்கக்கூடிய பருத்தி உறை. எல்லாம் 22,000க்குள். புழுதிக்கும் வெக்கைக்கும் றெக்சின் சோபாவை விட இது ஒத்துவரும். சுவரில் இருந்து இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள், கறையான் மண்கோடு இழுத்தால் கண்ணில் படும்.

படங்களுக்கு 5,000 வைத்திருக்கிறேன், இதை வெட்டாதீர்கள். இடம்பெயர்ந்ததில் குடும்பப் படங்களைத் தொலைத்த வீடுகள்தான் இங்கே அதிகம். வெளிநாட்டுச் சொந்தங்களிடம் கலியாண வீட்டுப் படங்கள், பழைய அல்பங்கள் இருக்கும், கேளுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். 8 அங்குலத்துக்கு 10 அங்குலம் தெளிவாக வர 2400க்கு 3000 பிக்சல் வேண்டும். மழை அடிக்கும் வெளிச்சுவரைத் தவிர்த்து உட்சுவரில் மாட்டி, பிறேமின் பின் மூலைகளில் சிறு றப்பர் துண்டு ஒட்டினால் காற்று போய்வரும், பூஞ்சணம் பிடிக்காது.

முற்றத்துக்கு 3,000 கூட அதிகம். செவ்வரத்தைத் தடியும் நித்தியகல்யாணியும் அயலில் கேட்டாலே தருவார்கள். மிஞ்சும் 10,000 விலை ஏறினால் சமாளிக்க. அதையும் மீறினால் ஒரு அறையின் பெயின்றைத் தள்ளிப்போடுங்கள், விதைப்புக் காசில் கை வைக்க வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன் ஓடுகளை இவரை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த காலபோகம் அறுத்து, நெல் விற்ற கணக்கோடு எழுதுங்கள். மாமியின் அறைக்கு மட்டும் சீலிங் கட்டுமா என்று அப்போது பார்ப்போம்.