மேலிடம் சொல்லும் எண்ணை எழுதுவதா புள்ளியியல் வேலை? பாம்பன் தந்தைக்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த தங்கள் மகள் இளங்கலைப் புள்ளியியல் படிக்க விரும்புவதையும், அரசுப் புள்ளிவிவர வேலை என்றால் மேலிடம் சொல்லும் எண்ணை எழுதிக் கொடுப்பதுதானே என்று தாங்கள் தயங்குவதையும் அறிந்தேன். அந்தத் தயக்கம் ஆதாரமற்றதன்று. 2017-18ஆம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்பு அறிக்கை வெளியிடப்படாமல் இருந்ததைக் காரணங்களுள் ஒன்றாகக் கூறி, அரசுப் புள்ளிவிவரப் பணிகளை மேற்பார்க்கும் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி.மோகனனும் உறுப்பினர் ஜே.வி.மீனாட்சியும் 2019 ஜனவரியில் பதவி விலகினார்கள், வேலையின்மை 6.1 சதவீதம் என்று காட்டிய அவ்வறிக்கை, மக்களவைத் தேர்தல் முடிந்தபின் மே 31 அன்றுதான் வெளிவந்தது. அந்த ஆணையம் சட்டத்தால் அமைந்ததன்று, 2005இல் அரசுத் தீர்மானத்தால் அமைந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அதன் சொல்லுக்கு வலு ஏன் குறைந்தது என்பது விளங்கும்.

ஆயினும் கணக்கு டெல்லியில் மட்டும் கெடுவதில்லை, நம் கரையிலும் கெடலாம். நெடுங்காலம் பாம்பனை அடுத்த மண்டபத்தில் தலைமையிடம் கொண்டிருந்து 1971இல் கொச்சிக்கு மாறிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், எல்லாப் படகுகளின் மீன்பாட்டையும், அதாவது பிடித்து வந்த மீனின் அளவை, எடைபோட்டுப் பார்ப்பதில்லை. எந்த இறங்குதளம், எந்த நாள், எந்தப் படகு என்பதை மாதிரி முறையில் தேர்ந்து, அவற்றின் பாட்டைக் கொண்டே மொத்தத்தை மதிப்பிடுகிறது. தன் முறைக்கு வரவேண்டிய விசைப்படகு தாமதிக்கிறது என்று கணக்கெடுப்பாளர் முதலில் கண்ணில் பட்ட படகை எழுதிக்கொண்டாலோ, கூடைகளை எண்ணாமல் ஏலக்காரர் வாய்மொழியாகச் சொன்னதைக் குறித்துக்கொண்டாலோ, அந்த ஒரு படகின் பிழை பல படகுகளின் பிழையாகப் பெருகி மேலே செல்லும். யாருடைய அழுத்தமும் இல்லாமலே இது நடந்துவிடும். சொன்ன கணக்கு வேறெதற்காவது பயன்பட்டுவிடுமோ என்று அஞ்சிப் படகுக்காரர்கள் பாட்டைக் குறைத்துச் சொல்வதும் உண்டு; தங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. தனிநபர் தரும் விவரம் புள்ளியியல் நோக்கத்திற்கே பயன்பட வேண்டும் என்று 2008ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம் கூறுவது, அந்த அச்சத்தைக் கருதித்தான் என்பேன்.

ஆகவே இந்தத் தொழிலில் நேர்மைக்கு நல்லெண்ணம் மட்டும் போதாது. மாதிரியை எடுத்தவர் தன் விருப்பப்படி மாற்றக் கூடாது, கணக்கிட்ட முறையை வெளியிட வேண்டும், வெளியீட்டுத் தேதியை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற நடைமுறைகளே அதிகாரிக்குத் துணை. விலைவாசி ஏற்றத்தைக் காட்டும் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் பொதுவாக மாதம்தோறும் 12ஆம் தேதி வருவது எல்லாருக்கும் தெரிந்திருப்பதால், கசப்பான எண் வந்த மாதத்தில் அதைத் தள்ளிப்போட்டால் உடனே கேள்வி எழும். பதவி விலகும் துணிவை எல்லா ஊழியரிடமும் எதிர்பார்ப்பது நியாயமன்று என்பதால், இந்த நடைமுறைகளை நான் பெரிதாக மதிக்கிறேன்.

வேலைக்கான வழிகள் பல. மாநிலத்தில் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறைப் பணியிடங்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. மத்திய அரசில் இந்தியப் புள்ளியியல் பணிக்கு மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் (யுபிஎஸ்சி) நடத்தும் தேர்வை 21 முதல் 30 வயதுவரை எழுதலாம். அதற்குப் பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும், இல்லையேல் புள்ளியியலில் முதுகலைப் பட்டம் வேண்டும் என்பதால், கணிதப் பட்டத்தில் சேர்த்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாமல், சேரும் கல்லூரியின் பாடத்திட்டத்தைக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே வாங்கிப் பாருங்கள்.