மங்கும் மானிட்டர்: வாசகர் கேள்வி – பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து இம்முறை வந்த கணினிக் கேள்விகளில் பாதிக்கு மேல் மானிட்டர் வெளிச்சத்தைப் பற்றியவை. எனவே இந்த இதழ் முழுக்க அதுவே.

டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிறேன். பத்து வருடமாக ஓடும் எல்.இ.டி. மானிட்டர், காலை 9 முதல் இரவு 9 வரை எரியும். பக்கத்தில் புது மானிட்டர் வாங்கி வைத்த பிறகுதான் பழையது எவ்வளவு மங்கிவிட்டது என்று தெரிந்தது. பிரைட்னஸ் 100-ல்தான் இருக்கிறது. பேனல் போய்விட்டதா?
– வாசகர், மஞ்சக்குப்பம்

பேனல் போகவில்லை. எல்.சி.டி. பேனல் தானாக ஒளிராது. அதன் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்டுக்குத்தான் வயதாகியிருக்கிறது. அந்த வயதை வருடத்தில் எண்ணாதீர்கள், எரிந்த மணிகளில் எண்ணுங்கள். பேனல் டேட்டாஷீட்களில் பெரும்பாலும் 30,000 மணி என்று போட்டிருப்பார்கள். அத்தனை மணி எரிந்ததும் அணைந்துவிடும் என்று அர்த்தமில்லை. புதிதில் இருந்த வெளிச்சம் பாதியாகக் குறைய ஆகும் நேரம் அது. அதுவும் 25 டிகிரி அறைச் சூட்டுக்குப் போட்ட கணக்கு. உங்கள் கடைக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்று வைத்தால் 3,600 மணி. பத்து வருடத்தில் 36,000. ஏ.சி. இல்லாத கடையில் அக்னி நட்சத்திரத்தையும் தாண்டி வந்திருக்கிறது என்றால், அது உழைக்க வேண்டியதை உழைத்துவிட்டது.

மங்குவதற்குக் காரணம் சூடும் கரண்டும். வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி.; மேலே பூசிய மஞ்சள் பாஸ்பர் (ஒளிரும் பூச்சு)தான் அதை வெள்ளையாகக் காட்டுகிறது. மானிட்டரின் கீழ் விளிம்பில் இவை ஒரு மெல்லிய பட்டையில் நெருக்கமாக வரிசை கட்டியிருக்கும். சூட்டில் சிப் கொஞ்சம் கொஞ்சமாகத் திறன் இழக்கிறது. அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் சிலிகானும் பழுப்பேறி வெளிச்சத்தை விழுங்குகின்றன. வெளிச்சத்தைத் திரை முழுக்கப் பரப்பும் அக்ரிலிக் தகடும் பின்னால் உள்ள வெள்ளை ஷீட்டும் நாளடைவில் மஞ்சளாகின்றன. அதனால் பழைய மானிட்டரில் வெளிச்சம் குறைவதோடு வெள்ளையே லேசாக மஞ்சளடித்துத் தெரியும். விசிட்டிங் கார்டு, பத்திரிகை டிசைன் செய்யும் உங்களுக்கு மங்கலை விட இதுதான் பெரிய தொல்லை: திரையில் சரியாக இருக்கும் நிறம் பிரிண்டில் மாறி வரும்.

கண்ணும் இதை உடனே காட்டிக்கொடுக்காது. வெளிச்சம் பாதியானாலும் ஏறக்குறைய கால்வாசி குறைந்தது போலத்தான் படும். அதனால்தான் பக்கத்தில் புதியது வரும்வரை உங்களுக்குத் தெரியவில்லை.

செலவு செய்யும் முன் மெனுவில் ஈகோ மோட், டைனமிக் கான்ட்ராஸ்ட், ஆம்பியன்ட் சென்சார் மூன்றையும் ஆஃப் செய்து, ஃபேக்டரி ரீசெட் கொடுத்துப் பாருங்கள். இதிலேயே பல புகார்கள் தீர்ந்துவிடும். தீராவிட்டால் எல்.இ.டி. ஸ்ட்ரிப் மாற்றலாம்தான். ஆனால் பேனலைத் தனித்தனி ஷீட்டாகப் பிரிக்க வேண்டும். நடுவில் ஒரு தூசி உட்கார்ந்தால் திரையில் நிரந்தரப் புள்ளி. ஸ்ட்ரிப் புதிதானாலும் மஞ்சளடித்த தகடு பழையதுதான். எங்களைக் கேட்டால், இதை பில்லிங்குக்குத் தள்ளிவிட்டு டிசைனைப் புதியதில் செய்யுங்கள். அந்தப் புதியதையும் 100-ல் ஓட்டாதீர்கள். சாதாரண மானிட்டர் சதுர மீட்டருக்கு 250 கேண்டெலா (வெளிச்சத்தின் அலகு) வரை தரும். கடைக்குள் வேலை செய்ய 120 போதும். பல மாடல்களில் அது பிரைட்னஸ் 30-க்கும் 50-க்கும் நடுவில் வரும். வெள்ளைத் தாள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும்வரை குறைத்தால் சரியாக இருக்கும்.

பழைய 19 இஞ்ச் மானிட்டர். ஆன் செய்தால் இரண்டு நொடி படம் வந்து கறுத்துவிடுகிறது. பவர் லைட் மட்டும் எரிகிறது. சர்வீஸில் "பேனல் அவுட்" என்றார்கள்.
– வாசகி, லாஸ்பேட்டை

நம்புவதற்கு முன் ஒரு டார்ச்சை எடுங்கள். அறையை இருட்டாக்கி, கறுத்த திரையில் சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். ஐகான்கள் மங்கலாகத் தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது. கோளாறு பேக்லைட்டிலோ அதற்குப் பவர் தரும் போர்டிலோதான்.

உங்களுடையது எல்.இ.டி.க்கு முந்தைய சி.சி.எஃப்.எல். ட்யூப் (மெல்லிய ட்யூப்லைட் போன்ற பேக்லைட்) வகையாக இருக்கும். பென்சிலை விட மெல்லிய ட்யூப்கள், இந்த அளவில் பெரும்பாலும் மேலே இரண்டு, கீழே இரண்டு. மானிட்டருக்குள் இருக்கும் இன்வெர்ட்டர் போர்டு அவற்றுக்குப் பல நூறு வோல்ட் ஏ.சி. கொடுக்கிறது, பற்றவைக்கும் நொடியில் ஆயிரத்தைத் தாண்டும். ஒரு ட்யூப் கரண்ட் எடுக்காவிட்டாலும் பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் அணைத்துவிடும். அதுதான் உங்கள் இரண்டு நொடி.

எது குற்றவாளி? முதல் சந்தேகம் பவர் போர்டில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள். 470 அல்லது 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் என்று எழுதியிருக்கும். தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தால் அதுதான். சில சமயம் உப்பாமலே உள்ளே காய்ந்திருக்கும். பலமுறை ஆன்–ஆஃப் செய்து சூடான பிறகு நின்று எரிந்தால் அந்தச் சந்தேகம் இன்னும் பலமாகிறது. மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது ஒரு படி கூட, 105 டிகிரி, லோ ஈ.எஸ்.ஆர். (உள் மின்தடை குறைந்த) வகை வாங்குங்கள். உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள், அரை சென்டிமீட்டர் கூடினால் பின்மூடி மூடாது. கோடு போட்ட பக்கம் மைனஸ்.

மாறாக, எரியும் அந்த நொடிகளில் திரை ரோஜா நிறத்தில் சிவந்து, ஓரம் துடித்து அணைந்தால் ட்யூப் முடிந்துவிட்டது. உள்ளே உள்ள பாதரசம் வருடக்கணக்கில் கண்ணாடியிலும் பாஸ்பரிலும் ஒட்டித் தீர்ந்துபோகும். எலக்ட்ரோடு தேய்ந்து முனைகள் கறுக்கும். 19 இஞ்சுக்கு ட்யூப் தேடி அலைவது இன்று வீண். கெபாசிட்டர் என்றால் செய்யுங்கள், ட்யூப் என்றால் விட்டுவிடுங்கள்.

இதை நீங்களே திறப்பதாக இருந்தால்: 230 வோல்ட் லைனில் உள்ள பெரிய கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டி.சி. நிற்கும். பிளக்கைப் பிடுங்கி பத்து நிமிடம் விட்டு, மல்டிமீட்டரில் பார்த்து, வோல்ட் இறங்கிய பிறகே கை வையுங்கள். ட்யூப் உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். சிறிது நேரம் கழித்து வந்து அட்டையால் அள்ளுங்கள், வேக்குவம் கிளீனர் வேண்டாம்.

அரிசி மண்டியில் சி.சி.டி.வி.க்கு 24 மணி நேரமும் மானிட்டர் ஓடுகிறது. இரவில் கறுப்பு ஸ்கிரீன் சேவர் போட்டால் ஆயுள் கூடுமா?
– வாசகர், வில்லியனூர்

ஆயுள் கூடாது. கறுப்புப் படம் காட்டும்போதும் பின்னால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். பேனல் அதை மறைக்கிறது, அவ்வளவே. 24 மணி என்றால் வருடத்துக்கு 8,760 மணி, 30,000 மூன்றரை வருடத்துக்குள் தீர்ந்துவிடும். இரவில் மானிட்டரை ஆஃப் செய்துவிடுங்கள். ரெக்கார்டிங் டி.வி.ஆரில் (கேமராப் படங்களைப் பதியும் பெட்டி) ஓடிக்கொண்டுதான் இருக்கும். மண்டியில் உமித்தூசி பின்பக்கக் காற்றுத் துளைகளை அடைக்கும். மாதம் ஒரு முறை பிரஷ்ஷால் தட்டுங்கள். சுவரோடு ஒட்டி மாட்டியிருந்தால் நான்கு விரல் இடைவெளி விடுங்கள்.

கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. மானிட்டரின் கீழ்ப்பகுதியில் மட்டும் நிழல் விழுகிறது. உப்புக்காற்றா?
– வாசகர், தேவனாம்பட்டினம்

இருக்கலாம். நிழல் எப்படி விழுகிறது என்று பாருங்கள். கீழ் ஓரத்தில் ஒரே இடத்தில் கைப்பிடி அளவு இருட்டு என்றால் ஓர் எல்.இ.டி. ஷார்ட் ஆகியிருக்கிறது; பழகிக்கொள்ளலாம். அகலமான பகுதி முழுக்க இருட்டென்றால் சீரியலாக (ஒன்றன்பின் ஒன்றாக) இணைத்த எல்.இ.டி.களில் ஒன்று ஓபன் ஆகி (இணைப்பு அறுந்து) அந்த வரிசையே போயிருக்கும். தட்டினால் வந்து வந்து போனால்தான் உப்புக்காற்றின் வேலை: பேக்லைட் கனெக்டர் பின்னில் பச்சை படிந்திருக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஆஃபிலேயே போட்டு வைக்காதீர்கள். தினம் ஒரு மணி நேரம் ஓடினால் உள்ளே ஈரம் தங்காது.

ஆயுளுக்காக பிரைட்னஸை 20-ல் வைத்தேன். கண் வலிக்கிறது.
– வாசகி, முத்தியால்பேட்டை

சில மானிட்டர்கள் வெளிச்சத்தைக் குறைக்க விளக்கை நொடிக்குச் சில நூறு முறை அணைத்து அணைத்து எரிக்கின்றன. வெள்ளைத் திரைக்கு முன் பென்சிலை வேகமாக ஆட்டுங்கள். ஒரே மங்கல் பட்டையாகத் தெரியாமல் பல பென்சில்களாகத் தனித்தனியே தெரிந்தால் உங்களுடையது அந்த வகை. 20-லிருந்து படிப்படியாக ஏற்றி, பென்சில்கள் ஒன்றாகக் கலக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அது கண்ணுக்கு அதிக வெளிச்சமாக இருந்தால் கான்ட்ராஸ்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். சில மணி நேர ஆயுளுக்காகக் கண்ணை வருத்த வேண்டியதில்லை.