தேதி மட்டும் மாறும் டைரி

கேள்வி: அம்மா தவறி எட்டு மாதம் ஆகிறது. அன்று ராத்திரி நெஞ்சு எரிகிறது என்றார். வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலை மாரடைப்பில் போய்விட்டார். மனபாரம் குறையும் என்று தோழி டைரி எழுதச் சொன்னாள். தினமும் ராத்திரி எழுதுகிறேன். எழுதி முடித்தால் அழுகைதான், தூக்கம் வருவதில்லை. மாமியார் கண்ணில் படாமலிருக்க நோட்டை அரிசி டிரம்முக்குள் வைக்கிறேன். நிறுத்திவிடட்டுமா?
ஒரு வாசகி, ஈரோடு

அன்புச் சகோதரிக்கு,

இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். உங்கள் தோழி சொன்னது தப்பில்லை, எழுதும் விதம்தான் உங்களை வாட்டுகிறது.

நீங்கள் அனுப்பிய டைரிப் பக்கங்களைப் படித்தேன். தேதிதான் மாறுகிறது. 'அன்னைக்கே ஏன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலை' என்ற வரி எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது. தினமும் ராத்திரி உங்களை நீங்களே கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருக்கிறீர்கள். அப்புறம் தூக்கம் எப்படி வரும்?

ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளரின் ஆய்வு ஒன்று 1986-இல் வெளியானது. கல்லூரி மாணவர்கள் தங்களை உலுக்கிய சம்பவத்தைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். நான்கே நாள்தான். எழுதிய கையோடு அவர்களுக்கும் மனம் கனத்துத்தான் போனது. ஆனால் நடந்ததையும் மனதில் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் உடம்புக்கு முடியவில்லை என்று டாக்டரிடம் போவது குறைந்தது. பின்னாளில் இப்படிப்பட்ட எழுத்துகளை ஆராய்ந்தபோது, பலன் கண்டவர்களிடம் 'அதனால்', 'இப்போது புரிகிறது' போன்ற சொற்கள் நாளுக்கு நாள் கூடியிருந்தன. முதல் நாள் சொன்ன கதையும் கடைசி நாள் சொன்ன கதையும் ஒன்றாக இல்லை.

மணமுறிவால் துணையைப் பிரிந்தவர்களிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. 'ஏன் இப்படி ஆச்சு' என்று ஓயாமல் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு, உணர்ச்சியைக் கொட்டி எழுதியதால் மனம் ஆறுவது தாமதப்பட்டது. அவர்களில் அன்றாட வேலைகளைப் பற்றிச் சும்மா எழுதியவர்கள் நன்றாகத் தேறினார்கள். எனவே இரண்டு மூன்று வாரம் அம்மாவின் கடைசி நாளைப் பற்றி எழுதவே வேண்டாம். கை துறுதுறுத்தால் அன்றைக்கு என்ன சமைத்தீர்கள், யார் வந்தார்கள் என்று எழுதுங்கள்.

பிறகு, தெம்பு வந்தால், நான்கு நாள் மட்டும் எழுதிப் பாருங்கள். ராத்திரியில் வேண்டாம், வீடு அடங்கியிருக்கும் மதிய வேளையில் 15 நிமிடம் போதும். காலையில் அம்மா எழுந்ததிலிருந்து அன்று நடந்ததை வரிசையாக எழுதுங்கள். ஓமத் தண்ணீர் கொடுத்த அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை மறக்காமல் எழுதுங்கள். மாரடைப்பு வெறும் அஜீரணம் போலத் தெரிவது உண்டு, பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் குறிப்பாக. ஈசிஜி எடுக்காமல் டாக்டரே உறுதியாகச் சொல்ல முடியாததை, சமையலறையில் நின்ற நீங்கள் எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்? ஒரு நாளாவது 'நான்' என்று எழுதாமல் 'அவள்' என்று எழுதிப் பாருங்கள். அவள்மேல் உங்களுக்கு இவ்வளவு கோபம் வராது. நடுவில் தாங்க முடியவில்லை என்றால் அந்த வரியோடு பேனாவை வைத்துவிடுங்கள்.

நோட்டு வேண்டாம், உதிரித் தாள் போதும். எழுதியதும் கிழித்துப் போடலாம். மாமியார் படித்துவிடுவாரோ என்ற பயம் இருக்கும்வரை மனதில் உள்ளது தாளுக்கு வராது.

தூக்கமின்மை தொடர்ந்தால் அதற்கு எழுத்து மருந்தாகாது. அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, போய்ப் பாருங்கள். 'செத்துப் போயிடலாம்' என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' என்ற அரசு மனநல உதவி மையத்தைக் கூப்பிடுங்கள். எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.