வாசகர் கேள்வி பதில்: காரில்லாமல் கோலாலம்பூர்

கேள்வி: என் மகள் கைப்பேசியிலேயே பஸ், ரயில் கட்டணம் கட்டும் டச் அண்ட் கோவுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்) போட்டுக் கொடுத்தாள். பஸ்ஸில் கார்டைத் தட்டினால் பணம் இல்லை என்கிறது. ரொக்கம் நீட்டினால் ஓட்டுநர் வாங்க மறுக்கிறார். என்ன செய்வது? – வாசகி, செராஸ்

பதில்: மகள் போட்ட பணம் கைப்பேசியின் இ-வாலட்டில் அப்படியே இருக்கிறது. கார்டுக்கு அது வந்து சேரவில்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் பலரும் இப்படித்தான் ஏமாறுகிறார்கள். கார்டில் என்எஃப்சி, அதாவது அருகில் வைத்தாலே தகவல் பரிமாறும் வசதிக்கான குறி (பக்கவாட்டில் அலை அலையாக வளைகோடுகள்) இருக்கிறதா பாருங்கள். இருந்தால், செயலியில் கார்டு ரீலோட் பகுதிக்குப் போய், தொகையைத் தேர்ந்தெடுத்து, கைப்பேசியின் பின்புறம் கார்டை ஒட்டிப் பிடியுங்கள். 'வெற்றி' என்று வரும்வரை கையை அசைக்காதீர்கள். பாதியில் எடுத்தால் மறுபடியும் முதலிலிருந்துதான். கைப்பேசியிலும் என்எஃப்சி வசதி இருக்க வேண்டும். குறி இல்லாத பழைய கார்டு என்றால் எல்ஆர்டி, எம்ஆர்டி (நகர ரயில்) நிலையம், கடை போன்ற இடங்களில்தான் பணம் ஏற்ற முடியும். சில கடைகளில் 50 சென் சேவைக் கட்டணம் பிடிப்பார்கள்.

நகர பஸ்களை ஓட்டும் ரேபிட் கேஎல் நிறுவனத்தின் பஸ்களில் ரொக்கம் கிடையாது. ஓட்டுநரிடம் வாதாடிப் பயனில்லை, அவரிடம் சில்லறைப் பெட்டியே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பணப்பையோடு சேர்த்துத் தட்டாதீர்கள். உள்ளே வங்கி அட்டை, மைகார்டு (அடையாள அட்டை) எல்லாம் இருந்தால் இயந்திரம் எதைப் படிப்பதென்று தடுமாறும். கார்டை வெளியே எடுத்து, ஏறும்போது முன்கதவில் ஒரு தட்டு, இறங்கும்போது பின்கதவில் ஒரு தட்டு. இறங்கும்போது தட்ட மறந்தால் அந்தத் தடத்தின் முழுக் கட்டணமும் போய்விடும். நெரிசலில் நிறையப் பேர் விடுவது இந்த இரண்டாவது தட்டைத்தான்.

கேள்வி: பழைய கிள்ளான் சாலையில் நிற்கிறேன். பஸ் என்னைப் பார்த்தும் நிற்காமல் போகிறது. எந்த எண் எங்கே போகும் என்பதும் புரியவில்லை. – வாசகர், தாமான் டேசா

பதில்: கையை நீட்டினீர்களா? இங்கே நிறுத்தத்தில் ஆள் நிற்பது மட்டும் போதாது. ஒரே நிறுத்தத்தில் பல தடங்கள் வரும். நீங்கள் எதற்குக் காத்திருக்கிறீர்கள் என்று ஓட்டுநருக்கு எப்படித் தெரியும்? எண் கண்ணில் பட்டதும் சாலையோரம் வந்து கையைத் தெளிவாக நீட்டுங்கள். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றால் பஸ் உங்களைக் கடந்துவிடும். மழை நேரத்தில் கூரைக்கு அடியில் பின்னால் ஒதுங்கி நிற்பவர்களுக்கும் இதே கதிதான்.

எண்ணுக்கு ஒரு கணக்கு உண்டு. 2015-இல் தடங்களைச் சாலைவாரியாகப் பிரித்தார்கள். முதல் இலக்கம்தான் சாலை. 1 ஈப்போ சாலை, 2 கெந்திங் கிளாங், 3 அம்பாங், 4 செராஸ், 5 சுங்கை பீசி, 6 பழைய கிள்ளான் சாலை, 7 கூட்டரசு நெடுஞ்சாலை, 8 டாமான்சாரா. எடுத்துக்காட்டாக 750, பாசார் செனியிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியாக ஷா ஆலம் போவது. எண்ணுக்கு முன் 'டி' (T) இருந்தால் அது ரயில் நிலையத்துக்கும் தாமானுக்கும் (குடியிருப்புப் பகுதிக்கும்) இடையே ஓடும் இணைப்பு பஸ். எங்கே இறங்கினாலும் 1 வெள்ளி. உங்கள் பக்கம் 6-இல் தொடங்குவதைத் தேடுங்கள். சந்தேகம் இருந்தால் ஏறும்போதே "பாங், பஸ் இனி லாலு மிட்வேலி தாக்?" (அண்ணே, இந்த பஸ் மிட்வேலி வழியாகப் போகுமா?) என்று கேட்டுவிடுங்கள்.

திரும்பும் நிறுத்தத்தைப் போகும்போதே பார்த்து வையுங்கள். இது காருக்காகக் கட்டிய ஊர். எதிர்ப்புற நிறுத்தம் கண்ணுக்கு நேரே தெரியும், ஆனால் அங்கே போக நடைமேம்பாலம் அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும். நகருக்குள் ஒருவழிச் சாலைகள் வேறு: துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையில் ஒரு திசை, பக்கத்து ராஜா லாவுட் சாலையில் எதிர்த்திசை. இறங்கிய இடத்துக்கு எதிரே போய் நின்றால் இருட்டும்வரை நிற்க வேண்டியதுதான்.

கேள்வி: செயலி '5 நிமிடம்' என்கிறது. 25 நிமிடம் ஆகியும் காணோம். பிறகு ஒரே எண்ணில் இரண்டு பஸ் சேர்ந்து வருகின்றன! – வாசகர், பூச்சோங்

பதில்: செயலி காட்டும் நேரம் இரண்டு வகை. ஒன்று அட்டவணைப்படி வரவேண்டிய நேரம், மற்றது பஸ்ஸின் ஜிபிஎஸ் காட்டும் நேரம். கூகல் மேப்ஸில் நேரத்தின் அருகே அலைக்குறி இருந்தால் அது நேரடித் தகவல். குறி இல்லையென்றால் வெறும் அட்டவணைதான், அதை நம்பி வீட்டைவிட்டுக் கிளம்பாதீர்கள். ரேபிட் கேஎல்லின் பல்ஸ் செயலியில் பஸ் வரைபடத்தில் நகர்கிறதா என்று பார்ப்பது இன்னும் உறுதி.

இரண்டு சேர்ந்து வருவதற்குக் காரணம் ஓட்டுநர்களின் அரட்டை இல்லை. முன்னால் போவது நெரிசலில் ஐந்து நிமிடம் தாமதித்தால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் வழக்கத்தைவிடக் கூட்டம் சேர்ந்திருக்கும். ஏற்றி இறக்க மேலும் நேரம் பிடிக்கும். பின்னால் வருவதற்கோ ஏற்ற ஆளே இல்லை, வேகமாக வந்து முன்னதைப் பிடித்துவிடும். பின்னதில் ஏறுங்கள், உட்கார இடம் கிடைக்கும்.

தனிப்பாதை இருந்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். 2015-இல் திறந்த சன்வே பிஆர்டி (விரைவு பஸ் தடம்) 5.4 கிலோமீட்டர் முழுவதும் தனிப்பாதையிலேயே ஓடுகிறது. மற்ற பஸ்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் என் யோசனை: நெடுந்தூரத்தை ரயிலுக்கு விடுங்கள், பஸ்ஸை இரு முனைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பூச்சோங்கில் எல்ஆர்டி இருக்கும்போது மாலை ஆறு மணிக்கு நகரத்திலிருந்து பஸ்ஸிலேயே வருவது வீண் வேலை. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் மஸ்ஜித் இந்தியா பக்கம் போவதாக இருந்தாலும் மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் இறங்கி நடந்துவிடுங்கள்.

கேள்வி: 50 வெள்ளிக்கு 30 நாள் ரேபிட் கேஎல் பஸ், ரயிலில் போகும் மை50 பாஸ் வாங்கலாமா? காஜாங்கிலிருந்து வேலைக்குப் போகிறேன். – வாசகி

பதில்: ஒரு வழிக்கு இணைப்பு பஸ் 1 வெள்ளி, ரயில் 2.50 என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 7 வெள்ளி. எட்டு நாள் போனாலே 56. வாரம் மூன்று நாள் போனாலும் லாபம்தான். ஒரு நாள் என்றால் வேண்டாம். 30 நாளும் தொடர்ந்து கணக்காகும், ஆகவே தீபாவளி விடுப்புக்கு முந்தின நாள் வாங்காதீர்கள். குடிமக்களுக்கு மட்டும்தான், மைகார்டு அவசியம்.

காஜாங்கில் ஒரு பொறி இருக்கிறது. அங்கே எம்ஆர்டியும் கேடிஎம் கொமுட்டரும் (வேறு நிறுவனத்தின் புறநகர் ரயில்) அடுத்தடுத்து. பாஸ் எம்ஆர்டிக்குச் செல்லும், கொமுட்டருக்குச் செல்லாது. அவசரத்தில் கேடிஎம் வாயிலில் தட்டினால் கார்டில் உள்ள பணம் கழியும்.

கேள்வி: செந்தூலில் இருக்கும் என் அம்மாவுக்கு 68 வயது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்வர எது வசதி? – வாசகர்

பதில்: எம்ஆர்டி புத்ராஜெயா தடம். செந்தூல் பாரட் நிலையத்தில் ஏறினால் அடுத்தது தித்திவங்சா, அதற்கடுத்தது ஹாஸ்பிட்டல் கோலாலம்பூர். மின்தூக்கி இருக்கிறது. 60 வயதுக்கு மேல் சலுகைக் கார்டு எடுத்தால் கட்டணம் பாதி. அதற்கு அம்மாவின் மைகார்டு வேண்டும்.

கேள்வி: தைப்பூசத்தன்று பத்துமலைக்கு பஸ்ஸில் போகலாமா? – வாசகர், கெப்போங்

பதில்: வேண்டாம். சாலைகளை அடைத்து பஸ் தடங்களை மாற்றிவிடுவார்கள். கொமுட்டரில் போங்கள், கூடுதல் ரயில்கள் விடுவார்கள், நிலையம் கோயில் வாசலிலேயே இருக்கிறது. திரும்பி வரத் தேவையான பணத்தை முன்கூட்டியே கார்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். அன்று அங்கே முகப்பிடத்தில் வரிசை நீளமாக இருக்கும்.