ஏரிக்கரையில் அரை மணி நேரம்

அன்புள்ள சார்,

நான் மடிப்பாக்கம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. பெயர் வேண்டாம். சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பும் என்னிடம்தான். ஒன்பதாம் வகுப்பு, பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை வைத்து ஒரு வலைப்பூ ஆரம்பித்து, நம் பகுதி ஏரிகளைப் பற்றி ஒரு ஆவணப்படமும் எடுக்கலாம் என்று நினைத்தேன். தலைமையாசிரியர் சந்தோஷப்பட்டார், ஆனால் ஒரே மாதத்தில் படம் வேண்டுமாம், ஏதோ போட்டிக்கு அனுப்ப. பிள்ளைகள் எழுதிய முதல் பதிவுகளைப் பார்த்ததும் எனக்கு மனசே விட்டுப்போனது. பன்னிரண்டும் ஒரே மாதிரி, எல்லாம் நெட்டிலிருந்து எடுத்தது. எங்களிடம் இருப்பது இரண்டு போன்தான். மூன்று பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. ரீல்ஸ் பார்க்கிற காலத்தில் வலைப்பூ எதற்கு என்று ஒரு பையன் கேட்டான், எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் இதைச் செய்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கிருந்து தொடங்க?

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பையன் கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வேளச்சேரியைத் தாண்டி ஒரு பள்ளியில் நானும் இதே மாதிரி பதினோரு பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். முதல் வாரம் வந்த பதிவுகள் உங்களுக்கு வந்தவைதான். ‘மனிதன் இயற்கையை அழித்துவிட்டான்’, ‘மரம் நடுவோம் மழை பெறுவோம்’. சில பதிவுகளை சாட்ஜிபிடி எழுதியிருந்தது. நான் கோபப்பட்டேன், அது என் தப்பு. ‘சுற்றுச்சூழலைப் பற்றி எழுது’ என்று சொன்னால் ஒரு பதினாலு வயதுப் பிள்ளை வேறென்ன எழுதும்? அவ்வளவு பெரிய தலைப்பில் அதற்குச் சொந்தமாகச் சொல்ல எதுவும் இல்லை. காப்பி அடிக்கத்தான் செய்யும்.

அப்புறம் வேலையை மாற்றினேன். ஏரிக்கரைக்குப் போ, நாலரை மணியிலிருந்து ஐந்து மணி வரை ஒரே இடத்தில் உட்கார், கண்ணில் பட்டதையும் காதில் கேட்டதையும் மட்டும் எழுது, ‘அழகான’, ‘பரிதாபமான’ என்றெல்லாம் வேண்டாம், அறிவுரை வேண்டவே வேண்டாம். அந்த வாரம் ஒரு பையன் எழுதியது எனக்கு இன்னும் வரிக்கு வரி நினைவிருக்கிறது: ‘மூன்று தண்ணீர் லாரிகள் நின்றன. நடு லாரியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டுக்குக் கீழே ஒரு நாய் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தது.’ அவ்வளவுதான் பதிவு. இதை எந்த நெட்டிலும் தேடி எடுக்க முடியாது டீச்சர், எந்த மெஷினும் எழுதித் தராது, ஏனென்றால் அந்த நாயை அவன் ஒருவன்தான் பார்த்தான்.

எட்டு மாதம் கழித்து எங்கள் படத்தின் முதல் ஷாட் அந்தக் குழாய்தான்.

வலைப்பூ எதற்கு என்றால் இதற்குத்தான். ரீல்ஸ் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், பிள்ளைகளுக்கு அதில் கை நன்றாக ஓடுகிறது. ஆனால் வலைப்பூவில் ஒவ்வொரு பதிவுக்கும் தேதி இருக்கும், வரிசை இருக்கும். ஜூன் மாதம் வெடித்துக் கிடந்த அதே கரை நவம்பரில் எப்படி இருந்தது என்று பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிடலாம். ஆவணப்படத்துக்கு வேண்டிய சரக்கு முழுக்க அங்கே சேர்கிறது. நீங்கள் தமிழ் டீச்சர், இது உங்கள் கையில் இருக்கிற பெரிய பலம், கேமரா தெரியாது என்று தயங்கவே வேண்டாம்.

அந்த லாரிப் பதிவைப் படித்ததும் இன்னொரு பிள்ளை, ‘இந்த லாரி எங்கே தண்ணி பிடிக்குது?’ என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, தெரியாது என்றே சொன்னேன். அடுத்த மூன்று வாரம் அந்தக் கேள்விதான் எங்களை இழுத்துக்கொண்டு போனது. பதில் கிடைத்தது எப்படி என்று சொல்கிறேன், உங்களுடைய பேசாத மூன்று பிள்ளைகளுக்கு அதில் வழி இருக்கிறது.

எங்களிடமும் வாய் திறக்காத ஒரு பெண் இருந்தாள். பேட்டி எடுக்கச் சொன்னால் அழுதுவிடுவாள் போலிருந்தது, அதனால் ஒலிப்பதிவை அவளிடம் கொடுத்தோம். ஒரு போனும் ஒரு பழைய ஹெட்போனும்தான் சாமான். ஒரு நாள் சாயங்காலம் தவளைச் சத்தம் பதிவு பண்ணிக்கொண்டிருந்தவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, ‘சார், தவளைக்கு அடியில ஒரு மோட்டார் ஓடுது’ என்றாள். எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தால் ஆமாம், ஒரே சீராக ஒரு உறுமல். கரைக்கு அந்தப் பக்கம், ஒரு காலத்தில் வயலுக்குத் தண்ணீர் இறைத்த கிணறு, இப்போது லாரிக்கு இறைக்கிறது. அங்கேதான் அந்த டிரைவர் அண்ணனைப் பிடித்தோம். அவர் 2019 கோடையைப் பற்றிச் சொன்னார், இந்தக் கிணறும் வற்றிப்போய் வெகுதூரம் போய் ராத்திரி முழுக்க வரிசையில் நின்று பிடித்து வந்ததை. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்த வருடம் அது. குடத்தோடு தெருவில் நின்றது பிள்ளைகள் எல்லோருக்கும் நினைவிருந்தது, அதன் மறுபக்கத்தில் நின்றிருந்த ஒருவரை இப்போதுதான் பார்த்தார்கள்.

அதனால் எல்லோரும் பேச வேண்டியதில்லை. ஒலி, பதிவேடு, வரைபடம், எடிட்டிங், அனுமதிக் கடிதம் எழுதுவது, எல்லாமே படம்தான்.

உங்கள் பகுதிக்கு ஒரு கதை ஏற்கெனவே கிடக்கிறது. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் உபரிநீர் நாராயணபுரம் ஏரிக்குப் போகும், அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலம், அப்புறம் ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், கடல். இந்த வழியைப் பிள்ளைகள் காலால் நடந்து பார்க்கட்டும், ஒரே நாளில் வேண்டாம், துண்டு துண்டாக. கலங்கல், அதாவது ஏரி நிரம்பினால் உபரிநீர் வெளியேறும் இடம், எங்கே இருக்கிறது, கால்வாய் எந்த இடத்தில் ஒரு சாலைக்கு அடியில் குழாயாகச் சுருங்குகிறது, எந்த இடத்தில் காணாமலே போகிறது. தெருவில் பெரியவர்களிடம் 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்டு, வந்த திசையை ஒரு தாளில் அம்புக்குறி போட்டுக்கொண்டே வரச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் போட்ட அம்புக்குறிகளைச் சேர்த்துப் பார்த்தபோது பழைய வரத்துக் கால்வாய் அப்படியே வந்து நின்றது. தண்ணீர் தன் வழியை மறக்கவில்லை என்று ஒரு பாட்டி சொன்னதைப் படத்தில் வைத்தோம்.

கண்ணால் பார்த்ததைக் காகிதத்தோடு ஒப்பிடவும் கற்றுக்கொடுங்கள். தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் சர்வே எண் போட்டால் அ-பதிவேடு பார்க்கலாம், ஏரி என்றும் வாய்க்கால் என்றும் புறம்போக்கு வகை அதில் எழுதியிருக்கும். கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கலாம், அதைப் பார்க்கும்போது வகுப்பறை அப்படியே அமைதியாகிவிடும். வேறு தகவல் வேண்டுமென்றால் பெற்றோர் ஒருவர் பெயரில் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த மனுவை எழுதுவதே நல்ல தமிழ்ப் பயிற்சி, வளைக்காமல் ஒரு கேள்வியைக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். படத்துக்கு ஒரு வில்லன் வேண்டும் என்று பிள்ளைகள் தேடுவார்கள், சுலபமாகக் கிடைப்பது ஏரிக்கரையில் குடிசை போட்டிருப்பவர்கள். ‘ஆக்கிரமிப்பாளர்கள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். பள்ளிக்கரணை ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்ததாகச் சொல்வார்கள். 2022ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது சுமார் 1,248 ஹெக்டேர். இடையில் போனதை எல்லாம் குடிசைகளா எடுத்துக்கொண்டன? பெருங்குடி குப்பைக் கிடங்கு அந்தச் சதுப்பு நிலத்தில்தான் இருக்கிறது, 200 அடி ரேடியல் சாலை அதன் குறுக்கேதான் போகிறது, நம் வீட்டுக் குப்பையும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. இதையெல்லாம் ஒரே ஷாட்டில் காட்ட முடியும், ரேடியல் சாலை நடைபாதையில் நின்று கேமராவை மெதுவாகத் திருப்பினாலே போதும், பறவை, குப்பைக் கிடங்கு, கண்ணாடிக் கட்டடம் மூன்றும் வரும்.

இப்போது உங்கள் இரண்டு போன். போதும். முதலில் நோட்டில் எழுதட்டும், நீங்கள் திருத்த வேண்டாம், இன்னொரு பிள்ளை படித்துப் புரியாத இடத்தில் கோடு போடட்டும், பிறகு முறை வைத்து டைப் செய்து ஏற்றலாம். படம் எடுக்கும்போது போனை ஏரோபிளேன் மோடில் போடச் சொல்லுங்கள், எங்களுக்கு ஒரு நல்ல பேட்டி நடுவில் யாரோ போன் செய்து அறுந்துபோனது. போனைப் படுக்கை வாட்டத்தில் பிடிக்க வேண்டும், ஒவ்வொரு ஷாட்டிலும் மனசுக்குள் பத்து எண்ணும் வரை கை அசையக் கூடாது. ஸ்டாண்ட் இல்லையென்றால் ஒரு துணிப்பையில் மணலைக் கட்டி அதன் மேல் சாய்த்து வையுங்கள்.

ஒலிதான் மாணவர் படங்களைக் கெடுப்பது. காற்று மைக்கில் அடித்தால் பேசுகிறவர் என்ன சொன்னார் என்றே தெரியாது. ஒரு வயதான மீனவர் எங்களிடம் நாற்பது நிமிடம் பேசினார், கழுவெளியில், அதாவது சதுப்பு நிலத்தில், மீன் பிடித்த காலத்தையெல்லாம், வீட்டில் வந்து போட்டுப் பார்த்தால் வெறும் ஹோ என்ற இரைச்சல். மறுபடி போய்க் கேட்டோம், பேசினார், ஆனால் முதல் தடவை வந்தது வரவில்லை. ஒலிப்பதிவு பார்த்துக்கொண்ட அந்தப் பெண் அன்று ராத்திரி ‘மீனவ தாத்தா சொன்னதும் நாங்கள் தொலைத்ததும்’ என்று நினைவிலிருந்து எழுதிய பதிவுதான் கடைசியில் படத்தில் குரலாக வந்தது. இரண்டாவது போனை, பேட்டியில் பேசுகிறவர் சட்டைப்பையில் ஒலிப்பதிவுக்கு வைத்துவிடுங்கள், ஆரம்பத்தில் ஒரு கைதட்டு தட்டினால் படத்தையும் ஒலியையும் பிறகு பொருத்திக்கொள்ளலாம். கிளம்பும் முன் யாரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை அரை நிமிடம் பதிவு செய்துகொள்ளுங்கள், எடிட்டிங்கில் அது கைகொடுக்கும். சினிமாப் பாட்டு போட வேண்டாம், உரிமைப் பிரச்சினை வரும்.

அனுமதி விஷயம். பள்ளிக்கரணை வனத்துறை வசம் இருக்கிறது, உள்ளே போக வேண்டுமென்றால் கடிதம் கொடுங்கள், இல்லையென்றால் சாலையோரத்திலிருந்தே எடுங்கள். ட்ரோன் யோசனையை முளையிலேயே கிள்ளிவிடுங்கள், மீனம்பாக்கம் விமான நிலையம் பக்கத்தில் இருக்கிறது. வலைப்பூவில் பிள்ளைகளின் முழுப்பெயர், வீட்டு முகவரி, சீருடையோடு முகம் எதுவும் வேண்டாம். 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள்தான், பெற்றோர் ஒப்புதலைக் கையெழுத்தாக வாங்கி வைத்துவிடுங்கள். பின்னூட்டங்கள் உங்கள் கண்ணில் பட்ட பிறகே வெளியே வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது, முழங்கால் அளவு என்று தெரிந்தாலும் கூடாது.

தலைமையாசிரியரிடம் ஒரு மாதத்தில் முடியாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். இந்த வருடப் போட்டிக்கு அனுப்பாதீர்கள். பதிலுக்கு ஒரு தேதி கொடுங்கள்: பிப்ரவரி 2, உலக ஈரநில நாள். காலாண்டுத் தேர்வு வரை எழுத்து மட்டும். அக்டோபரிலிருந்து மழை, ஏரி நிரம்புவதைப் படம் பிடிக்கலாம். அரையாண்டு விடுமுறையில் பூநாரையும் கூழைக்கடாவும் பள்ளிக்கரணையில் இருக்கும், பேட்டிகளையும் அப்போதே முடித்துவிடலாம். ஜனவரியில் எடிட்டிங். நம் ஊரின் மழையும் பறவையும் தேர்வும் சேர்ந்து போட்டுக் கொடுத்த அட்டவணை இது, ஒரு மாதம் என்று சொன்னவர் இதைப் பார்த்தால் ஒப்புக்கொள்வார் என்று நம்புகிறேன்.

எடிட்டிங்குக்கு முன்னால் ஒரு வேலை. எல்லாப் பதிவுகளையும் பிரிண்ட் எடுத்து வகுப்பறைத் தரையில் பரப்பிவிடுங்கள். நாங்கள் நாற்பத்து மூன்று தாள்களைப் பரப்பி, பெஞ்சை எல்லாம் ஓரம் தள்ளி, சுற்றி உட்கார்ந்தோம். படமாகத் தெரிகிற தாள், கேள்வி இருக்கிற தாள், ஒருவருடைய குரல் கேட்கிற தாள் என்று பிள்ளைகளே நகர்த்தி நகர்த்தி வைத்தார்கள், சண்டை போட்டார்கள், மூன்று மணி நேரம் ஆனது. நான் சுவரோரம் நின்றேன், வாய் திறக்காமல் நிற்பது எனக்குப் பெரிய பாடாக இருந்தது. எழுந்தபோது எட்டு நிமிடப் படத்தின் வரிசை தரையில் கிடந்தது.

முதல் திரையிடல் பள்ளியில் வேண்டாம், பேசியவர்கள் தெருவில் வையுங்கள், ஒரு வெள்ளை வேட்டியும் கடன் வாங்கிய புரொஜெக்டரும் இருந்தால் சரி. எங்கள் லாரி டிரைவர் குடும்பத்தோடு வந்து முன்னால் உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் எழுந்து, ‘நான் சொன்னதுல பாதியத்தான் போட்டிருக்கீங்க தம்பி, கிணத்துக்காரருக்கு ஒரு லோடுக்கு என்ன கிடைக்குது, எனக்கு என்ன கிடைக்குதுன்னு சொன்னேனே, அது எங்க?’ என்று கேட்டார். பிள்ளைகள் முகம் செத்துவிட்டது. ஆனால் மறுநாளே இரண்டு பேர் நோட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனார்கள், அவர் பேசியது முழுவதையும் ஒரு வரி விடாமல் எழுதி வலைப்பூவில் ஏற்றினார்கள். பள்ளி முடித்துப் போன பிறகும் அந்த வலைப்பூவை அவர்கள் நிறுத்தவில்லை.

இந்தச் சனிக்கிழமை உங்கள் பிள்ளைகளோடு கலங்கல் எங்கே என்று தேடிப் போங்கள். முதல் பன்னிரண்டு பதிவுகள் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், ஒவ்வொன்றையும் படித்து அந்தந்தப் பிள்ளைக்குத் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்.