விளவங்கோடு விஜயதரணி கட்சி மாறியதும் எம்.எல்.ஏ. பதவியை ஏன் விட வேண்டி வந்தது?

மூன்று முறை ஜெயித்தவர், கட்சி மாறினாலும் பதவியில் நீடித்திருக்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது.

2011-ல் மார்க்சிஸ்ட் கட்சியிடமிருந்து கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு தொகுதியைக் கைப்பற்றி, 2016, 2021 என்று காங்கிரஸுக்காகத் தொடர்ந்து வென்றவர் விஜயதரணி. 2024 பிப்ரவரி 24 அன்று டெல்லியில் பாஜகவில் சேர்ந்தார். 1985-ல் அரசியல் சட்டத்தில் சேர்த்த பத்தாவது அட்டவணைப்படி, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, எந்தக் கட்சி சின்னத்தில் ஜெயித்தாரோ அந்தக் கட்சியைத் தானாக விட்டு விலகினாலே பதவி பறிபோகும். சட்டமன்றக் கட்சியில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் இணைப்புக்குச் சம்மதித்தால்தான் தப்பலாம். அப்போது காங்கிரஸுக்கு இருந்தது 18 பேர், அதாவது 12 பேராவது வேண்டும். இவர் போனது தனி ஆளாக. எப்படியும் போகிற பதவி, அவரே ராஜினாமா கடிதம் கொடுத்தார். சபாநாயகர் அப்பாவு உடனே ஏற்றுக்கொண்டார்.

அப்புறம் ஏப்ரல் 19-ல் மக்களவைத் தேர்தலோடு சேர்த்தே இடைத்தேர்தல். மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் வாக்குச்சாவடிக்குப் போனவர்கள் எம்.பி.க்கு ஒரு மிஷின், எம்.எல்.ஏ.வுக்கு ஒரு மிஷின் என்று இரண்டு முறை பட்டனை அழுத்தினார்கள். பாஜக விஜயதரணியை நிறுத்தவில்லை, வி.எஸ். நந்தினியை நிறுத்தியது. காங்கிரஸின் தாரகை கத்பர்ட் சுமார் 40,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

என்னைக் கேட்டால், இந்தச் சட்டம் வாக்காளருக்குச் செய்த பெரிய நன்மை இதுதான். கட்சி மாற யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் கை சின்னத்துக்கு விழுந்த ஓட்டை இன்னொரு கட்சிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது, மறுபடி மக்களிடம்தான் கேட்க வேண்டும்.