தெருப் பூனைகள் நோய்ப்பட்டால் நாமும் பயப்பட வேண்டுமா?

கேள்வி: எண்ணூர் பக்கம் இருக்கிறோம். தெருவில் பூனைகள் அடுத்தடுத்து நோய்ப்படுகின்றன. ரசாயனம் காரணமாக இருக்குமா? நமக்கும் ஆபத்தா?

இருக்கலாம், ஆனால் உடனே ஆலையைக் கை காட்ட வேண்டாம். சென்னையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது தொற்றுநோயையும் எலி மருந்தையும்தான்.

ஆனாலும் ரசாயனத்தை ஒதுக்கிவிட முடியாது. ஜப்பானின் மினமாட்டா என்ற ஊரில் மனிதர்களின் நோய் 1956-ல் பதிவாவதற்கு முன்பே பூனைகள் தள்ளாடி, வலிப்பு வந்து செத்துக்கொண்டிருந்தன. ஆலைக் கழிவின் பாதரசம் மீன் வழியாக இரு தரப்புக்கும் போயிருந்தது. 1959-ல் அந்த ஆலை மருத்துவரே கழிவை உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். அதே நோய் வந்தது. நிர்வாகம் அதை அமுக்கிவிட்டது!

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். ஈயம் கலந்த பழைய பெயின்டைச் சுரண்டும்போது ஈயத்தூள் தரையில் படியும். பூனை அதில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும். உடம்பு சிறியது என்பதால் கொஞ்சம் போனாலே பாதிப்பு தெரியும். தவழும் குழந்தையும் அதே தரையில்தான் கை வைத்து, வாயில் வைக்கிறது. நாய்க்கு இன்னொரு விஷயம்: ஆயுள் குறைவு, அதனால் மனிதருக்குப் பல பத்தாண்டு எடுக்கும் புற்றுநோய் அதற்குச் சீக்கிரமே வெளிப்படலாம். நாய் சிகரெட் பிடிப்பதில்லை, அதனால் சொந்தப் புகைப்பழக்கம்தான் காரணமோ என்ற குழப்பமும் இல்லை.

வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், எத்தனை விலங்குகள், எப்போதிலிருந்து, என்ன தின்றன, பக்கத்தில் பெயின்ட் வேலையோ பூச்சிமருந்தோ நடந்ததா என்று சொல்லுங்கள். செத்த பூனையைப் புதைக்கும் முன் பிரேதப் பரிசோதனை செய்ய முடியுமா என்றும் கேளுங்கள். வீட்டில் யாருக்காவது கை நடுக்கம், மரத்துப்போதல் இருந்தால் உங்கள் டாக்டரிடம் பூனை விஷயத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.